சம்மனசு அடைக்காத இடம்

மில்வாக்கி
8 செப்டம்பர் 1957

சேசு மரி சூசை வாழ்க.

அன்புத் தங்கை வின்னிக்கு, அக்கா டீலியா எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டுத் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. அங்கே உன் சுகத்துக்காகத் தினமும் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்கிறேன்.

உன்னைச் சகோதரி மேரி கொன்சீலியா என்றுதான் எழுத வேண்டும் என்று தெரியும். நீ மடத்துக்குப் போன நாளிலிருந்து முயற்சி செய்கிறேன். அந்தப் பெயரை எழுதினால் தொப்பி போட்ட ஏதோ ஒரு சீமாட்டி கண்முன் வருகிறாள். என் பின்னலைப் பிடித்து இழுத்த வின்னி வருவதில்லை.

வணக்கத்துக்குரிய மதர் இக்னேஷியா அவர்களுக்கும் தோத்திரம். மடத்துக்குள் வரும் கடிதத்தையும் வெளியே போகும் கடிதத்தையும் நீங்கள்தான் முதலில் படிக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். ஒரு தபால்தலைக்கு இரண்டு வாசகர்கள் கிடைப்பது எந்த எழுத்தாளருக்கும் வாய்க்காத யோகம்.

நான் சமைத்துப்போடும் வெண்டலின் சாமியாருக்கு வைத்தியர் பன்றிக்கறியை நிறுத்தச் சொல்லிவிட்டார். சாமியார் நிறுத்தியது வைத்தியரிடம் போவதைத்தான். நேற்று உங்கள் பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்தது. பள்ளிக்குப் பெயர் தந்த புனித ஃபியாக்கர் தோட்டக்காரருக்கும், வாடகை வண்டிக்காரருக்கும், மூலநோய்க்காரருக்கும் பாதுகாவலராம். உங்கள் பங்குச் சாமியார் மொன்சிஞோர் ஹான்ரட்டி நாற்காலியில் அதிக நேரம் உட்காராததன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கியது. (மதர், இந்த வரியின் மேல் கறுப்பு மையைத் தடவினால் வருத்தப்பட மாட்டேன்.)

இந்த வருடமும் ஒன்றாம் வகுப்புதானா? போன கடிதம் ஏன் அவ்வளவு சின்னது? விவரமாக எழுது.

உன் பாதையில் சர்வேசுரனின் தூதரான சம்மனசுகள் நடக்கட்டும்,
டீலியா

&nbsp;

சிகாகோ, புனித ஃபியாக்கர் கன்னியர் மடம்
29 செப்டம்பர் 1957

சே.ம.சூ.

அன்புள்ள அக்காவுக்கு, சர்வேசுரன் கிருபையால் சுகம். உன் முழங்காலுக்காக மன்றாடுகிறோம். உன் கடிதத்தில் ஓரிடத்தில் கறுப்பு மை இருந்தது. அதில் என்ன இருந்தது என்று கேட்பது ஒழுங்குக்கு விரோதம். ஆகையால் கேட்கவில்லை.

ஒன்றாம் வகுப்புதான். ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள். கலினன் வீட்டு இரட்டையர் பள்ளி திறந்த வாரமே புறநகருக்குக் குடிபோய்விட்டார்கள். ஜன்னலோரம் அவர்கள் பெஞ்சு காலியாக இருக்கிறது.

லூயிசியானாவிலிருந்து யூலலி மெட்டோயர் என்ற அம்மாள் எங்கள் கோயில் பங்குக்கு வந்திருக்கிறார். பூசையில் இலத்தீன் பாட்டைப் புத்தகம் பார்க்காமல் பாடுகிறார். அவர் மகள் ஓடெட்டுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு நிரம்பிவிட்டது என்று மொன்சிஞோர் அந்த அம்மாளிடம் சொல்லியனுப்பிவிட்டார்.

ஆனாலும் அந்த அம்மாள் தினமும் காலையில் மகளுக்குச் சீருடை போட்டுக் கூட்டிவருகிறார். தானே தைத்த சீருடை. பிள்ளை மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறாள். மணி அடித்ததும் வரிசை உள்ளே போகும். கதவை மூடும் வேலை இந்த வருடம் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கீழ்ப்படிதல் பெரிய வரப்பிரசாதம். எனக்காக வேண்டிக்கொள்.

சேசுவின் இருதயத்தில்,
சகோதரி மேரி கொன்சீலியா

&nbsp;

மில்வாக்கி
13 அக்டோபர் 1957

சேசு மரி சூசை வாழ்க.

அன்புத் தங்கை வின்னிக்கு, நான் சுகம். நீ சுகமில்லை என்று உன் கடிதம் சொல்கிறது, நீ சொல்லாவிட்டாலும்.

பெஞ்சு காலி என்று ஒரு பத்தி. வகுப்பு நிரம்பிவிட்டது என்று அடுத்த பத்தி. நடுவில் ஒரு வரி இருக்க வேண்டும், நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன்: மெட்டோயர் குடும்பம் கறுப்பர் குடும்பம். சரிதானே? மதர் இரண்டு பத்தியிலும் மை தடவவில்லை. அதையும் கவனித்தேன்.

போன வாரம் உங்கள் ஊரிலிருந்து டுவாயர் சாமியார் விருந்துக்கு வந்தார். பரிமாறுகிற சாக்கில் கேட்டேன்.

"ஒத்தப் பிள்ளையத்தானே சாமி சேக்கச் சொல்றாங்க?"

"இன்னிக்கு ஒண்ணு, டீலியாம்மா. நாளைக்கு அந்தத் தெரு பூரா 'வீடு விற்பனைக்கு'ன்னு பலகை தொங்கும். நம்ம சனம் ராவோட ராவா மூட்டை கட்டிரும். அப்புறம் வெறும் கோயில்ல யாருக்குப் பூசை வைக்கிறது?"

"நான் பூசை சர்வேசுரனுக்குன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

வெண்டலின் சாமியார் இருமினார். "டீலியா, குழம்பு ஆறிப்போகுது."

குழம்பு ஆறவில்லை, வின்னி. நான்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். டுவாயர் சாமியாருக்குக் கடைசித் துண்டு ஆப்பிள் பலகாரத்தைக் கொடுக்காமல் உள்ளே கொண்டுபோய் நானே தின்றேன். ஒரு சமையற்காரியால் முடிந்த மறியல் அவ்வளவுதான். பாவாடை இறுகியதுதான் மிச்சம்.

நீ போய் மொன்சிஞோரிடம் கேள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை. பெஞ்சு காலி. வேறென்ன வேண்டும்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
டீலியா

&nbsp;

சிகாகோ
30 அக்டோபர் 1957

சே.ம.சூ.

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். குளிர் தொடங்கிவிட்டது. கொதிகலன் நன்றாக வேலை செய்கிறது.

ஜன்னலோரப் பெஞ்சு கீழ்த்தளத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. வகுப்பு இப்போது நிரம்பியிருக்கிறது.

இந்த மாதம் காவல் சம்மனசுகளின் திருநாளைக் கொண்டாடினோம். ஒவ்வொரு பிள்ளையும் பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்து, பக்கத்தில் தன் சம்மனசுக்கு இடம் விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அழகாகச் செய்கிறார்கள்.

பங்கு விவகாரங்களைப் பற்றிக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சேசுவின் இருதயத்தில்,
சகோதரி மேரி கொன்சீலியா

&nbsp;

மில்வாக்கி
20 நவம்பர் 1957

சேசு மரி சூசை வாழ்க.

அன்புத் தங்கை வின்னிக்கு, ரயிலில் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன்னை ஞாயிற்றுக்கிழமை பார்த்ததில் சந்தோஷம். பார்த்தேன் என்று சொல்லலாம், பேசினேன் என்று சொல்ல முடியாது. மடத்து வரவேற்பறையில் மூலையில் மதர் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருக்க, நாம் இருவரும் கொதிகலனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அந்தக் கொதிகலனை எனக்கு இப்போது என் மாமியாரைவிட நன்றாகத் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் அன்றே ஊர் திரும்பவில்லை. நம் ஒன்றுவிட்ட தங்கை பெர்த்தா வீட்டில் தங்கி, திங்கட்கிழமை காலையில் உங்கள் பள்ளிக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றேன். பெரிய தொப்பி வைத்திருந்தேன், வேவுகாரி மாதிரி. தெருவில் போன நாய்கூட என்னைத் திரும்பிப் பார்த்தது. நீ பார்க்கவில்லை.

மழைத் தூறல். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் அந்தச் சிறுமி. தலையில் வெள்ளை நாடா, கையில் சாப்பாட்டுப் பொட்டலம். மணி அடித்தது. எல்லோரும் போனார்கள். அவள் படியில் ஒரு காலை வைத்தாள். நீ அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு கதவை மூடினாய்.

தெருவைத் தாண்டிப் போய் அவள் அம்மாவிடம் பேசினேன்.

"எதுக்கும்மா இந்தக் குளிர்ல தினம் வர்றீங்க? இடம் இல்லைன்னுதான் சொல்லிட்டாங்களே."

"இப்ப இல்லைன்னு சொன்னாங்க. திடீர்னு ஒரு நாள் இடம் வந்து, அன்னிக்குப் பாத்து நாங்க வராம இருந்துட்டா?"

"பொட்டலம் எதுக்கு?"

"உள்ள கூப்பிட்டுட்டா மத்தியானம் பிள்ளைக்குப் பசிக்காதா?"

பெரிய தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மழையிலேயே ரயில் நிலையத்துக்கு நடந்தேன். 

வின்னி, அந்தக் கதவின் பின்னால் நீ என்ன செய்தாய் என்று மட்டும் எழுது.

உன் அக்கா,
டீலியா

&nbsp;

மில்வாக்கி
15 டிசம்பர் 1957

சேசு மரி சூசை வாழ்க.

வின்னிக்கு, சுகமா என்று கேட்டால் பதில் வரப்போவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் உங்களுக்குக் கடிதம் கொடுப்பதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் தூக்கம் வரவில்லை, முழங்காலை மட்டும் குறை சொல்லி மாளவில்லை.

நேற்று கிறிஸ்து பிறப்புக் குடிலை எடுத்துத் தூசி தட்டினேன். நிறைமாத மரியாளுக்குச் சத்திரத்தில் இடம் இல்லை என்று சொன்னவனுக்கு ஏன் எந்தக் குடிலிலும் ஒரு பொம்மை செய்து வைப்பதில்லை? இப்போது எனக்கு அவன் முகம் தெரிகிறது. முக்காடு போட்டிருக்கிறான். அவன் என் தங்கை.

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப்போவதில்லை. மதர், உங்கள் மையை இதன்மேல் கொட்டுவதானால் முழுப் புட்டியையும் கொட்டுங்கள்.

டீலியா

&nbsp;

சிகாகோ, புனித ஃபியாக்கர் கன்னியர் மடம்
9 ஜனவரி 1958

சே.ம.சூ.

திருமதி டீலியா கேரட்டி அவர்களுக்கு, மடத்துத் தலைவி எழுதுவது. தங்கள் உடல்நலத்துக்கு ஆண்டவரை மன்றாடுகிறேன். முழங்காலுக்குக் கடுகு எண்ணெய் நல்லது.

தங்கள் டிசம்பர் கடிதத்தைச் சகோதரி கொன்சீலியாவிடம் கொடுக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதிலிருந்த ஒரு வரி அவரைக் கொன்றிருக்கும். நவம்பர் கடிதத்தைக் கொடுத்தேன். கதவின் பின்னால் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். கைப்பிடியைப் பிடித்தபடியே நிற்கிறார். பிள்ளைகள் ஜெபம் தொடங்கக் காத்திருக்கிறார்கள். நான் நடைக்கூடத்தின் கோடியிலிருந்து தினமும் பார்க்கிறேன்.

அவர் மூன்று முறை என்னிடம் வந்தார். நான் மூன்று முறை மொன்சிஞோரிடம் போனேன். பள்ளி பங்குச் சாமியாருடையது. நாங்கள் அதில் கற்பிக்கிறோம், அவ்வளவே. மறுத்தால் அவர் வேறு சபையின் கன்னியரை அழைத்துக்கொள்வார். அப்போதும் கதவு மூடித்தான் இருக்கும், வேறு கையால். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர்களைத் தாங்கள் இலேசாக எடைபோட வேண்டாம்.

இந்த மாதக் கடைசியில் மொன்சிஞோர் வகுப்பு வகுப்பாக வந்து மதிப்பெண் அட்டை கொடுத்து, வேதபாடமான ஞானோபதேசத்தில் கேள்வி கேட்பார். முன்னதாகத் திருமதி மெட்டோயர் வகுப்பைத் தம் கண்ணால் பார்க்க அனுமதி கேட்டிருந்தார். அன்றே வந்து பார்க்கலாம் என்று மொன்சிஞோர் சொல்லிவிட்டார். நிரம்பிய வகுப்பைக் கண்டால் பிறகு வரமாட்டார் என்பது அவர் எண்ணம்.

இதைத் தங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கடிதங்களைப் படிப்பது என் கடமை. அவற்றை ரசிப்பது கடமையில் சேராது. அந்த வகையில் தாங்கள் என்னைப் பலமுறை பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

ஆண்டவருக்குள்,
மதர் மேரி இக்னேஷியா

&nbsp;

சிகாகோ
2 பிப்ரவரி 1958

சே.ம.சூ.

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். எல்லாவற்றையும் எழுதலாம் என்று மதர் அனுமதி தந்தார். 

வெள்ளிக்கிழமை மொன்சிஞோர் வந்தார். திருமதி மெட்டோயர் மகளோடு கதவருகில் நின்றார். மதர் நடைக்கூடத்தில். பிள்ளைகள் எழுந்து தோத்திரம் சொல்லி உட்கார்ந்தார்கள். மொன்சிஞோர் கையை விரித்துக் காட்டினார்.

"நீங்களே பாத்துக்குங்கம்மா. ஒரு பெஞ்சாவது காலியா இருக்கா?"

இல்லை. அந்த அம்மாள் நிதானமாக ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார்.

"இல்லைங்க சாமி. ஆனா பிள்ளைங்க எல்லாம் ஏன் ஓரத்துல தொத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க?"

அது அவமரியாதையாகக் கேட்கப்படவில்லை. உண்மையாகவே கேட்டார். மொன்சிஞோருக்குச் சந்தோஷம். எங்கள் பள்ளியின் பக்தியைக் காட்ட ஒரு வாய்ப்பு. முன்வரிசையில் இருந்த பெக் லானிகனைப் பார்த்தார். உனக்குத் தெரியாது, வகுப்பிலேயே பெரிய வாயாடி. எனக்கு அவளைப் பார்த்தால் உன் நினைவுதான் வரும்.

"சொல்லும்மா, எதுக்கு அப்படி உக்காந்திருக்கே?"

"காவல் சம்மனசுக்கு இடம் விட்டிருக்கேன் சாமி!"

"கெட்டிக்காரி! சம்மனசுன்னா என்ன?"

"சம்மனசு சரீரம் இல்லாத அரூபி, சாமி."

"சபாஷ். சரீரம் இல்லைன்னா, சம்மனசு இடத்தை அடைக்குமா?"

இந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. அவர் வழக்கமாகக் கேட்பது. அவருக்கும் மேலான மேற்றிராணியார் வந்தபோதும் இதைத்தான் கேட்டு மெச்சிக்கொண்டார். பிள்ளைகளை ஒரு வாரமாக இதற்கென்றே தயார் செய்திருந்தேன். ஐம்பது பேரும் ஒரே குரலில் கூரை அதிரச் சொன்னார்கள்.

"அடைக்காது, சாமி!"

 தாம் என்ன கேட்டுவிட்டோம் என்பது மொன்சிஞோருக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. திருமதி மெட்டோயர் மகளின் தலை நாடாவைச் சரிசெய்தார்.  பெக் லானிகன் பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து, காலியான இடத்தைக் கையால் தட்டினாள்.

"இங்க வா. என் சம்மனசு நின்னுக்கும்."

மொன்சிஞோர் என்னைப் பார்த்தார். கதவின் கைப்பிடி என் கையில் இருந்தது. அக்கா, அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று ஆட்டினார். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரியவில்லை என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

"ஓடெட், உள்ள வாம்மா" என்றேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று கேட்டாள். ஐம்பது பிள்ளைகள் முன்னால் ஞானோபதேசம் தப்பு என்று எந்தச் சாமியாரும் சொல்ல முடியாது. அவர் அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆசீர்வாதம் கொடுக்க மறந்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்காக வேண்டிக்கொள். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை.

சேசுவின் இருதயத்தில்,
உன் வின்னி

&nbsp;

மில்வாக்கி
13 ஏப்ரல் 1958

சேசு மரி சூசை வாழ்க.

என் வின்னிக்கு, பாஸ்குத் திருநாள் வாழ்த்து. தவக்காலத்திலும் உங்களுக்குக் கடிதம் கிடையாதே, அது முடியக் காத்திருந்தேன். உன் கடிதத்தை வெண்டலின் சாமியாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 'என் சம்மனசு நின்னுக்கும்' என்ற இடத்தில் பன்றிக்கறி புரையேறி மனிதர் போய்ச்சேரப் பார்த்தார். முதுகில் நாலு குத்து விட்டுக் காப்பாற்றினேன். நாலாவது குத்து அவசியமில்லை. டுவாயர் சாமியாரை நினைத்துக்கொண்டு விட்டது.

மறுபடி சிரிக்கத்தான் நினைக்கிறேன், முடியவில்லை. பெர்த்தா எழுதியிருந்தாள். உங்கள் தெருவில் வீடு விற்பனைப் பலகைகள் தொங்குகின்றனவாம். லானிகன் குடும்பமும் போகிறதாம். ஞாயிறு பூசை முடிந்து மொன்சிஞோரைச் சுற்றி ஆண்கள் கூடிக் கத்தியதாகக் கேள்வி. அவர் உங்கள் சபைத் தலைமையான தாய்மடத்துக்குத் தொலைபேசியில் பேசினார் என்று டுவாயர் சாமியார் இங்கே சாப்பாட்டு மேசையில் சொன்னார். உன் பெயரைச் சொல்லித்தான் பேசினாராம்.

உன்னை என்ன செய்யப்போகிறார்கள்? பிள்ளையை என்ன செய்யப்போகிறார்கள்?

மதர், தங்கள் கடுகு எண்ணெய் வேலை செய்கிறது. டிசம்பர் கடிதத்தைக் கொடுக்காமல் வைத்ததற்காகத் தங்கள் கைக்கு முத்தம்.

நடுக்கத்தோடு,
டீலியா

&nbsp;

அயோவா, தாய்மடம்
16 ஆகஸ்ட் 1958

சே.ம.சூ.

அன்புள்ள அக்காவுக்கு, சுகம். யாருக்கு எங்கே வேலை என்று எழுதிய வருடாந்தரக் கீழ்ப்படிதல் சீட்டுகள் நேற்று கொடுக்கப்பட்டன. எனக்குத் தாய்மடத்துச் சலவைக்கூடம் கிடைத்திருக்கிறது. இங்கே சுற்றிலும் சோளக்காடு. காற்று சுத்தமானது. கற்பிக்கும் வேலை இனி இல்லை.

புனித ஃபியாக்கர் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் இந்த வருடம் புதிதாகப் பெயர் பதிய வேண்டும் என்று மொன்சிஞோர் கோயிலில் அறிவித்திருக்கிறார். பழைய பிள்ளைகளும்தான். யார் பெயர் பதியப்பட்டது, யாருடையது இல்லை என்பதை அவர் மட்டுமே அறிவார். மதர் இக்னேஷியாவுக்கும் மாற்றல். இரண்டாம் வகுப்புக்குப் புதிய சகோதரி வருகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

பள்ளி செப்டம்பர் மூன்றாம் தேதி காலையில் திறக்கிறது. பெர்த்தாவின் உடல்நலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். யாராவது போய்ப் பார்த்தால் நல்லது.

சேசுவின் இருதயத்தில்,
சகோதரி மேரி கொன்சீலியா

&nbsp;

சிகாகோ, பெர்த்தா வீடு
3 செப்டம்பர் 1958

சேசு மரி சூசை வாழ்க.

என் வின்னிக்கு, பெர்த்தா குதிரை மாதிரி இருக்கிறாள்.

ஓடெட் உள்ளே போனாள்.

முதலில் அதை எழுதிவிட்டேன், மற்றதை நீ நிதானமாகப் படிக்கலாம். வரிசை போன வருடத்தில் பாதிதான். மொன்சிஞோர் படியில் நின்றார், கையில் பெயர்ப் பதிவுக் காகிதம். ஒவ்வொரு பிள்ளையும் அவர் முன்னால் வந்து "தோத்திரம் சாமி" என்று சொல்ல வேண்டும், அவர் காகிதத்தைப் பார்த்து அனுப்ப வேண்டும். நான் இந்த முறை தொப்பியில்லாமல் திருமதி மெட்டோயர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் கையைப் பிடித்தார். எலும்பு இன்னும் வலிக்கிறது.

ஓடெட் படியேறினாள். கைகளைக் குவித்து, கண்ணை மூடி, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே "தோத்திரம் சாமி" என்றாள். அவர் காகிதத்தைப் பார்க்கக் குனிந்தார். ஆனால் குவித்த கையைக் கண்ட சாமியாரின் கை சும்மா இருக்குமா? நாற்பது வருடப் பழக்கம். "சர்வேசுரன் உன்னை ஆசீர்வதிப்பாராக" என்று நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். போட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். நான் மூச்சுவிடவில்லை. தெருவே மூச்சுவிடவில்லை.

அவளுக்கு அதெல்லாம் தெரியவில்லை. ஆசீர்வாதம் கிடைத்தால் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். அவருடைய தூக்கிய கைக்குக் கீழே குனிந்து போய்விட்டாள். அவர் கூப்பிடவில்லை. மனம் மாறினாரா, கூட்டம் பார்க்கிறதே என்று விட்டாரா, கிழமாகிவிட்டாரா, எனக்குத் தெரியாது. நாளைக்குக் கூப்பிடுவாரா என்பதும் தெரியாது. திருமதி மெட்டோயர் நாளைக்கும் வந்து நிற்பேன் என்றார். இந்த வாரம் நானும் நிற்கிறேன். வெண்டலின் சாமியார் தாமே சமைத்துச் சாப்பிடட்டும், சர்வேசுரன் அவரைக் காப்பாற்றட்டும்.

நான் எழுதிய ஒரு கடிதம் உன் கைக்கு வரவில்லை. அதை அடுப்பில் போட்டுவிட்டேன். என்ன எழுதியிருந்தேன் என்று கேட்பது ஒழுங்குக்கு விரோதம், ஆகையால் கேட்காதே.

சலவைச் சோடாவில் கை வெடிக்கும். இத்துடன் களிம்பு அனுப்பியிருக்கிறேன். அங்கே யார் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறார்களோ, அவர்களுக்கும் தோத்திரம். அம்மா, உங்களை எனக்குத் தெரியாது. களிம்பை மட்டும் அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

உன் அக்கா,
டீலியா